அண்ணாச்சி நோட்டு

நேற்று மளிகைக் கடையில் மூன்று ரூபாய் மீதிக்கு மூன்று சாக்லேட் கொடுத்தார்கள். நாளைக்கு அதே சாக்லேட்டை உப்பு பாக்கெட்டுக்கு நீட்டினால் அண்ணாச்சி வாங்குவாரா? மாட்டார். கொடுத்தவரே திருப்பி வாங்கிக்கொண்டால்தான் அது பணம், இல்லையென்றால் வெறும் மிட்டாய். ஊர்க்காரர்களே தங்களுக்குள் செல்லும் நோட்டு அடிக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆஸ்திரியாவில் வோர்கல் என்று ஒரு சின்ன ஊர். 1932, பொருளாதாரம் படுத்துவிட்ட காலம். ஊரில் பல பேர் வேலையில்லாமல் நிற்கிறார்கள், நகராட்சிக்கு வரி வரவில்லை. மேயர் மிக்கேல் உண்டர்குக்கன்பெர்கர் (சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது) ரயில்வேயில் வேலை பார்த்தவர். நகராட்சி பேரில் 1, 5, 10 ஷில்லிங் சீட்டு அடித்துக் கூலியாகக் கொடுத்தார். அதற்கு ஈடாக அசல் ஷில்லிங்கை உள்ளூர் வங்கியில் போட்டுவைத்தார். சீட்டில் ஒரு குசும்பு உண்டு. மாதாமாதம் அதன் மதிப்பில் 1 சதவீதத்துக்கு ஸ்டாம்ப் மாதிரி ஒரு வில்லை வாங்கி ஒட்டவேண்டும், ஒட்டாத சீட்டு செல்லாது. மாதக் கடைசியில் அது யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில் செலவு. பூட்டிவைக்க யாருக்கு மனசு வரும்? கூலிக்காரர் கடைக்காரரிடம் தள்ள, கடைக்காரர் வரி பாக்கியைக் கட்டினார். நகராட்சியும் வாங்கிக்கொண்டது. ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள். சுற்றுவட்டார ஊர்களுக்கும் ஆசை வந்ததும் மத்திய வங்கி முழித்துக்கொண்டது. 1933 செப்டம்பரோடு சீட்டுக்கு மூடுவிழா.

கென்யாவில், மொம்பாசா பக்கம் பங்களாதேஷ் என்றே பெயருள்ள ஒரு குடிசைப் பகுதி. தக்காளிக்கார அம்மாவிடம் தக்காளி இருக்கிறது, பைக் டாக்சிக்காரரிடம் பைக் இருக்கிறது, இரண்டு பேரிடமும் காசு இல்லை. 2013இல் சிறு வியாபாரிகள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று பங்ளா-பெசா என்ற சீட்டை விட்டார்கள். போலீஸ் ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. சில மாதங்களில் வழக்கைக் கைவிட்டார்கள்.

சரி, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்காரர்கள் விட்ட பிரிஸ்டல் பவுண்டு என்ன ஆனது? 2012இல் வந்த அழகான நோட்டு. மேயர் ஜார்ஜ் ஃபெர்குசன் சம்பளத்தையே அதில் வாங்கினார். மாநகராட்சி வரிக்கும் செல்லுபடியானது. என் பரீட்சையில் பாஸ்தான், ஆனாலும் நிற்கவில்லை. ஏனென்றால் அசல் பவுண்டைக் கொடுத்துத்தான் அதை வாங்கவேண்டியிருந்தது. காசு இருப்பவர் இந்த ஜோபியிலிருந்து அந்த ஜோபிக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான். இல்லாதவருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. காசு வற்றிய இடத்தில்தான் ஊர் நோட்டுக்கு வேலை.

2016 நவம்பரில், பணமதிப்பிழப்பு சமயத்தில், எங்கள் தெருவிலும் காசு வற்றியது. பால்காரர் அண்ணாச்சி கடையில் தவிடு வாங்கிக்கொண்டு, "சார் கணக்குல எழுதிக்குங்க" என்று என்னைக் காட்டினார். நான் அவருக்குப் பால் பாக்கி. அண்ணாச்சி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து எழுதினார். கிட்டத்தட்ட ஒரு மாதம் தெருவே அந்த நாற்பது பக்க நோட்டில்தான் ஓடியது. ஏடிஎம்மில் பணம் வர ஆரம்பித்ததும் என் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டார்.