எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் ஒன்று. இது என் நிஜப் பெயரில் உள்ள கணக்கு இல்லை. ப்ரொஃபைல் படத்தில் இருப்பது ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான், ஆனால் எங்கள் வீட்டுத் தரை இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கல்லின் டிசைனைப் பார்த்தே "இது இன்னார் வீட்டு வளவுல்ல?" என்று சொல்லிவிடுவார்கள். பதிவிலும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆள் யாரென்று கண்டுபிடிக்க உட்காராதீர்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்ததில் தெரிந்தது. எனக்கு முன்னால் ஏஜென்ட்டுக்குத் தெரிந்தது. ரத்தம் எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டை நேராக அவருடைய வாட்ஸப்புக்குத் தட்டிவிட்டு, அதோடு தங்கள் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டார்கள். எதற்கெல்லாம் ரத்தம் எடுக்கிறோம் என்றுகூட என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் போன் பண்ணி, "தம்பி, மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு வந்திருக்குங்க. ஜி.எச்.ல ஒருதடவ காட்டிருங்க" என்றார். என்னை எப்போதும் 'வாடா, போடா' என்று பேசுகிற மனுஷன். அந்த மரியாதையிலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் புலம்ப அதிகம் இல்லை. அரசு மருத்துவமனைகளில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் மறுபடி பரிசோதித்து உறுதி செய்தார்கள். எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உடலுறவு மூலமாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. இதை டாக்டர் சொன்னபோது நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்ப்பார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை.

என் புலம்பலெல்லாம் அந்த மாத்திரை டப்பாவைப் பற்றித்தான்.

எங்கள் வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்குப் பொதுவான வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. பாதி வருஷம் பூட்டிக் கிடக்கும். முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வந்தால் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். யாராவது பட்டாலையில் படுத்திருப்பார்கள், யாராவது வளவுத் தூணில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதவைத் தாழ்ப்பாள் போட்டால் "உள்ள என்னப்பா பண்ற?" என்று ஒரு குரல் வரும். அந்த வீட்டில் முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து பாருங்கள். கலகலவென்று சத்தம். இப்போது மேலே பஞ்சு வைத்து அமுக்கியிருக்கிறேன். லேபிளை வெந்நீரில் நனைத்து உரித்தாயிற்று. மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம் ஆபீஸ் ஃபைல்களுக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்திலேயே மருந்து வாங்க முடியும் என்றாலும் நான் மதுரைக்கு பஸ் ஏறுகிறேன். வீட்டில் ஆடிட்டர் ஆபீஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மேலூர் தாண்டுகிறவரைக்கும் பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இன்னொரு புதுத் தலைவலி ட்ரூகாலர். மையத்து கவுன்சலர் நல்ல பெண். எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் கேட்டுத்தான் நம்பரைக் குறித்துக்கொண்டார். ஆனால் மையத்து நம்பரை எவனோ ஒரு புண்ணியவான் என்ன பெயரில் சேமித்துவைத்திருக்கிறானோ, அதுதானே திரையில் வரும்? சாப்பாட்டு நேரத்தில் போன் இலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இப்போதெல்லாம் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு "எதுக்கு இந்தப் பாடு? இப்ப இது சுகர் மாதிரிதானே, தைரியமா வெளிய சொல்லிட்டுப் போயிடலாமே" என்று சொல்ல வருகிறீர்கள், தெரியும். மருந்து விஷயத்தில் சுகர் மாதிரிதான். ஆனால் சுகர் என்று சொன்னால் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்பீர்கள். என்னிடம் "எப்படி வந்துச்சு?" என்று கேட்பீர்கள். வாய் விட்டுக் கேட்காவிட்டாலும் கண் கேட்கும். இந்தப் பதிவை இதுவரை படித்தவர்களில் பாதிப்பேர் அந்த வரி எங்கே வரும் என்றுதான் தேடிக்கொண்டிருப்பீர்கள். வராது. அந்த பதிலை வைத்து என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்: ஊசியில் வந்தால் "ஐயோ பாவம்", வேறு விதமாக வந்தால் "அப்படியா சங்கதி". எனக்கு அந்தப் பாவமும் வேண்டாம். ரத்தம் ஏற்றியதில் வந்தவருக்கும் மற்றவருக்கும் மருந்து ஒன்று, மையம் ஒன்று, உட்காருகிற பெஞ்சு ஒன்று.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றியதைத் தமிழ்நாடே பேசியது. நியாயமாகவே அந்தப் பெண்ணுக்காக எல்லோரும் கொதித்தோம். ரத்தம் கொடுத்த பையனை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? இருபது வயதுகூட ஆகவில்லை. உதவி என்று நினைத்து ரத்தம் கொடுத்தவன். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது, என்னைப் போலவே, தனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டான். தெரிந்ததும் தானாகவே போய் ரத்த வங்கியில் சொன்னான். அவன் சொன்னதால்தான் விஷயமே வெளியே வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் உயிரை விட்டுவிட்டான். எங்கள் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரம் இல்லை அவன் ஊர். "தைரியமா சொல்லு" என்கிறவர்கள் அவனுக்கும் சேர்த்து ஒரு பதிலை யோசித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் ஊரைவிட நாகரிகமாக நடந்துகொள்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. நம் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது. நம்மை நம்பவைத்துத் தெரிந்துகொண்டவர், நம் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்கிறது எட்டாவது பிரிவு. வழக்குப் போட்டால் நம் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்கிறீர்களா? புனைபெயரிலேயே நடத்தச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்கலாம், அதற்கும் பிரிவு இருக்கிறது. இதை எழுதியவர்கள் எங்கள் வளவைப் போல ஏதோ ஒரு வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். சண்டைக்குப் போகவில்லை. "அண்ணே, அந்த ரிப்போர்ட்ட அழிச்சிருங்க. இன்னொருத்தர் காதுக்குப் போச்சுன்னா சட்டப்படி தப்பு, நான் கேஸ் போடுவேன்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "நான் எதுக்கு தம்பி சொல்லப்போறேன்" என்றார். சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவருடைய வீட்டம்மா எங்கள் ஆத்தாவிடம் நின்று பேசினால், நான் முகப்பிலிருந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதெல்லாம் நம்மூர்க் குணம், வெளிநாட்டில் எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் சிங்கப்பூரில் ஆள் இல்லாத வீடு அபூர்வம். அந்தச் சிங்கப்பூரில் 14,200 பேருடைய எச்.ஐ.வி. விவரம் இணையத்தில் வெளியாகிவிட்டதை அரசாங்கமே 2019 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. பெயர், அடையாள எண், போன் நம்பர், முகவரி, பரிசோதனை முடிவு எல்லாம். அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். வேலைக்கோ விசாவுக்கோ பரிசோதனை செய்துகொண்டவர்களும் அதில் அடக்கம். இங்கே வாட்ஸப், அங்கே டேட்டாபேஸ். எல்லா மருந்துப் புத்தகத்தையும் ஆப்பில் ஏற்றுங்கள், அடையாள எண்ணோடு இணையுங்கள் என்று யாராவது உற்சாகமாகப் பேசினால் எனக்கு இந்த எண்ணிக்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வெளியே வந்து பேசியவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா பெரியசாமி 1990களின் கடைசியில் முகத்தைக் காட்டிப் பேசினார். 1998இல் பாசிட்டிவ் பெண்களுக்கென்று ஓர் அமைப்பையே தொடங்கினார். அவரைப் போன்றவர்கள் கத்தியிராவிட்டால் இன்று எனக்கு இலவச மாத்திரை இருந்திருக்காது. ஆனால் பேசுவதென்று அவரேதான் முடிவெடுத்தார், இன்னொருவர் அவருக்காக எடுக்கவில்லை. அவர் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. கணவருக்குத் தொற்று இருந்ததைச் சொல்லாமலே அவரைக் கட்டிவைத்தார்கள்.

அதனால் என் ரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, அவரும் பரிசோதனை செய்துகொண்டார், அதற்கு மேல் அதில் உங்களுக்கு ஒன்றுமில்லை. கல்யாணம் என்று வந்தால் அந்தப் பெண்ணிடம் நானே நேரில் சொல்வேன், ஜாதகம் பார்ப்பதற்கும் முன்னால். அவளுக்குத் தெரிய வேண்டும். அவளுடைய பெரியப்பாவுக்கும் எங்கள் பங்காளிக்கும் தெரிய வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நம் ஆட்கள் ஒன்று எல்லோரிடமும் மறைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஊரைக் கூட்டிவிடுகிறார்கள்.

வீட்டில் தெரிந்தது ஆச்சிக்கு மட்டும். (எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) சொன்னபோது அழும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாப்ட்டுட்டுப் போடணுமா, வெறும் வயித்துலயா?" என்று கேட்டுச்சு. எப்படி வேண்டுமானாலும் போடலாம், கால்சியம், அயர்ன் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் இவற்றோடு மட்டும் சேர்த்து விழுங்கக்கூடாது என்றேன். மறுநாள் பார்த்தால் ஆத்தாவுடைய கால்சியம் டப்பாவை என் அலமாரியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்திருக்கிறது. அப்பச்சியிடம் (அப்பாவிடம்) "தம்பி ஜாதகத்துல இப்ப நேரம் சரியில்ல, ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லி ஜாதகம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. எப்படி வந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

புதிதாகத் தெரிந்து, இரவு தூக்கம் வராமல் இதைப் படிக்கிற யாராவது இருந்தால்: 1097, எச்.ஐ.வி. உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், பெயர் சொல்ல வேண்டாம். தமிழில் பேசலாம். பேசிவிட்டுக் கால் லிஸ்ட்டில் நம்பரை அழித்துவிடுங்கள்.

இந்தப் பதிவுக்கு லைக் போட வேண்டாம். நீங்கள் போட்ட லைக் உங்கள் மச்சானுக்கும் தெரியும். "நானும்தான்" என்று கமெண்ட்டில் எழுதினால் பார்த்தவுடன் நீக்கிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்பாக்ஸ் திறந்திருக்கிறது. வேறு பெயரில் வாருங்கள்.