எல்லா மிருகக்காட்சிசாலையும் ஒன்றல்ல
பயணத்தில் மிருகக்காட்சிசாலைப் பக்கமே போகக்கூடாது என்று ஒரு கட்டுரையாளர் ஒரேயடியாக எழுதிவிட்டார், எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-லேயே இயற்கையில் அற்றுப்போனது. அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சிசாலை போன்ற இடங்களில் வளர்த்த கூட்டம் இருந்ததால்தான் 1982-ல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி கொண்டுபோய் விட முடிந்தது. அப்படி வேலை செய்கிற இடத்துக்கு டிக்கெட் வாங்குவதில் என்ன தப்பு?

ஆனால் புலிக்குட்டியைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுக்கலாம், யானை மேல் ஏறலாம் என்று விளம்பரம் செய்தால் அங்கே போகாதீர்கள், அவ்வளவுதான். குட்டி சீக்கிரம் வளர்ந்துவிடும், அதனால் படம் எடுக்கப் புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும், தாயிடமிருந்து முன்கூட்டியே பிரிக்கவும் வேண்டும். வளர்ந்தவை எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சுற்றுலாப் பயணிகள் புலிகளோடு படம் எடுத்துக்கொண்ட பௌத்த மடமான தாய்லாந்தின் புலிக் கோயிலில் 2016-ல் அதிகாரிகள் 137 புலிகளை மீட்டபோது ஃப்ரீசரில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. சரணாலயம், கோயில் என்று பலகை மாட்ட யாராலும் முடியும்.

அப்புறம், யானை நின்ற இடத்திலேயே ஓயாமல் தலையை ஆட்டினால் அது நடனம் இல்லை, பெரும்பாலும் மன உளைச்சல். முன்பதிவு செய்யும் முன் பார்வையாளர்கள் போட்ட வீடியோக்களில் இதைத்தான் முதலில் தேடுவேன், ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை அல்ல.