கரண்ட கூட்டினா மட்டும் போதாது
சுழலுற தண்டத் தொடாம காந்தத்தால மிதக்க வெக்கிற காந்தப் பெயாரிங்ல தண்டு நடுவில இருந்து விலகினா கொயில் கரண்ட கூட்டுங்க, இழுவை அதிண்ட வர்க்கமா கூடும் எண்டு கட்டுரையில போட்டிருக்கீங்க, அது கரண்ட் குறைவா இருக்கும்வரைக்கும்தான் அண்ணன். காந்தத்திண்ட உள்ள இருக்கிற சிலிக்கன் ஸ்டீல் 1.5 டெஸ்லா (காந்தப் புலத்த அளக்கிற அலகு) தாண்டினா காந்தத்தால நிரம்பத் தொடங்கிடும், பிறகு எவ்வளவு குடுத்தாலும் கொயில்தான் சூடாகும், இழுவை பெரிசா ஏறாது. கல்முனையில மோட்டர் கொயில் சுத்துற எங்களுக்கு இது கண்டு பழகின விசயம். ஆனா இங்க ஆபத்து என்னெண்டா, தண்டு கிட்டப் போகப் போக அந்தப் பக்கக் காந்தம் இன்னும் இழுக்கும், எதிர்ப் பக்கக் காந்தம் நிரம்பி கெயின் (கரண்ட் கூடுறதுக்கு இழுவை கூடுற அளவு) விழுந்தா தண்டு நேரா போய் அவசரத்துக்கு வெச்சிருக்கிற சாதாரண பெயாரிங்ல அடிக்கும். தண்டு விலகுறதப் பாத்து கரண்ட கட்டுப்படுத்துற பிஐடி கொன்ட்ரோலர்ல, விலகலச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போற இன்டக்ரல் பகுதி வேற சும்மா ஏறிக்கொண்டே நிக்கும், அத அந்த நேரம் நிப்பாட்டோணும். கரண்டுக்குப் பதிலா இரும்புக்குள்ளால போற காந்தப் பாயத்த அளந்து கட்டுப்படுத்துறதப் பத்தியும் எழுதுங்களன்.