வீட்டில் ஜின் டானிக்: முதலில் ஐஸைக் கவனியுங்கள்

ஜின் பிடிக்காது என்று சொல்கிற மதுரை நண்பர்களிடம், எதில் கலந்து குடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். லெமன் சோடா என்பார்கள், இல்லாவிட்டால் ஸ்ப்ரைட். அதுவும் குளிர்ச்சி போன பாட்டிலில் இருந்து ஊற்றி, சின்னதாக ரெண்டு ஐஸ் கட்டி போட்டு. அப்படிக் குடித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஜின்னைக் கலக்க வேண்டியது டானிக் வாட்டரில். அதுவும் சோடாவும் ஒன்றில்லை. டானிக்கில் சர்க்கரை உண்டு, கூடவே குயினைனின் கசப்பு உண்டு. சின்கோனா மரப்பட்டையில் இருந்து 1820ல் பெல்லெட்டியே, காவென்டூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்த அதே மலேரியா மருந்து. வெள்ளைக்காரர்கள் அந்த மரத்தை 1860களில் நம் நீலகிரியில் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள்; நடுவட்டத்தில் அரசாங்கமே குயினைன் தொழிற்சாலை நடத்தியது. இப்போது பாட்டிலில் வருவது ருசிக்கான அளவுதான், காய்ச்சலுக்கெல்லாம் ஆகாது. (குயினைன் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே வேண்டாம்.) சுண்டைவத்தல் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிற நமக்கு இந்தக் கசப்பு பிடிக்காமல் போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜின்னுக்கு வாசம் தருவது ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் காய். பெரும்பாலான ஜின்களில் மல்லி விதையும் சேரும், பலவற்றில் எலுமிச்சைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் இருக்கும். லெமன் சோடாவின் புளிப்பில் இதெல்லாம் அமுங்கிவிடும். டானிக்கின் கசப்போ இந்த வாசத்தைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் ஜின் நடுத்தர விலையில் இருந்தால் போதும், டானிக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். லேபிளில் குயினைன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, ஐஸுக்கு வருகிறேன். சித்திரை வெயிலில் நம்ம ஊரில் பிளாஸ்டிக் தட்டில் உறைய வைத்த சின்னக் கட்டிகள் நிற்கவே நிற்காது. பாதி கிளாஸ் காலியாவதற்குள் கரைந்து, மீதியைத் தண்ணியாக்கிவிடும். சின்னக் கிண்ணங்களில் கேன் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். போர் தண்ணீர் என்றால் உப்பு நாக்கில் தெரியும். கிண்ணத்துக்கு மூடி கட்டாயம். ஃப்ரீசரில் இருக்கிற மீன் வாடையை ஐஸ் அப்படியே இழுத்துக்கொள்ளும், அந்த வாடை வந்த பிறகு எவ்வளவு நல்ல ஜின்னும் வீண். ஜின் பாட்டிலையும் ஃப்ரீசரிலேயே வைக்கலாம், உறையாது. டானிக்கை முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த டானிக்கில்தான் கேஸ் தங்கும். வெதுவெதுப்பானது ஐஸில் பட்டதும் பொங்கி அடங்கிவிடும்.

உயரமான கண்ணாடி கிளாஸில் வாய்வரை ஐஸ். குறைவாகப் போட்டால்தான் சீக்கிரம் கரையும், நிறையப் போட்டால் ஒன்றையொன்று குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி ஜின். மேலே 180 மில்லி டானிக், கிளாஸின் ஓரமாக மெதுவாக. ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை தூக்கினால் போதும், கலக்கிக்கொண்டே இருந்தால் கேஸ் போய்விடும். அளவைக் கண்ணால் போடாதீர்கள். நம்ம ஊர் ஜின்னில் பொதுவாக ஆல்கஹால் 42.8 சதவீதம், இந்தக் கணக்கிலேயே கிளாஸில் 10 சதவீதத்துக்கு மேல் வருகிறது, ஸ்ட்ராங் பீரை விட அதிகம். இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து அதைத் தெரியவிடாது. ஆகவே மெதுவாகக் குடியுங்கள், வண்டிச் சாவியை எடுக்காதீர்கள்.

எலுமிச்சையைப் பிழிய வேண்டாம். தோலை மெல்லிசாகச் சீவி, கிளாஸுக்கு மேலே முறுக்கி உள்ளே போடுங்கள். வீட்டில் எலுமிச்சை மரம் இருந்தால் ஒரு இலையைக் கசக்கிப் போடுங்கள், எனக்குத் தோலை விட அதுதான் பிடிக்கும். ஏலக்காய், பட்டை, மிளகு என்று அஞ்சறைப்பெட்டியையே கவிழ்க்கிற பழக்கம் இப்போது பரவுகிறது. பிரியாணிக்கு வைத்துக்கொள்ளுங்கள் அதையெல்லாம்.

கடிக்க மாங்காய்க் கீற்று, அவித்த வேர்க்கடலை. மட்டன் சுக்காவின் காரத்துக்கு முன்னால் ஜின்னின் வாசம் நிற்காது, அதை அப்புறம் புரோட்டாவோடு சாப்பிடலாம். டானிக்கை மட்டும் சின்ன பாட்டில்களாகவே வாங்குங்கள். திறந்த பெரிய பாட்டில் மறுநாளைக்குக் கேஸ் போய் வெறும் சர்க்கரைத் தண்ணியாகிவிடும்.