தைமஸைப் பற்றிக் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நேற்றைய கருத்தரங்கில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். தசைச்சிதைவு நோய், தைமஸ் போன்ற நோயெதிர்ப்பு உறுப்புகளை என்ன செய்கிறது என்று ஒரு தாய் கேட்டார். தைமஸ் என்பது டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள் வளரும், நெஞ்சில் உள்ள சிறு உறுப்பு. "இது தசை நோய் அம்மா, எலி ஆய்வுகளைப் படித்துக் குழம்பாதீர்கள்" என்று மேடையில் இருந்தவர் பேச்சை முடித்துவிட்டார். அரங்கமும் சிரித்தது.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. தசைச்சிதைவுள்ள எலிகளின் தைமஸ் இயல்பாக இல்லை என்று 1976-லேயே 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்திருக்கிறது. தசை நார்களைச் சுற்றியுள்ள உறையில் இருக்கும் லாமினின்-2 என்ற புரதம் இல்லாத எலிகளில் தைமஸில் டி செல்கள் ஒழுங்காக வளர்வதில்லை. பெரும்பாலும் சிறுவர்களுக்கு வரும் மரபுவழித் தசைச்சிதைவான டூஷென் நோயை ஆராயப் பயன்படுவது எம்டிஎக்ஸ் எலி. அதில் இல்லாத, தசையைச் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோபின், இயல்பான தைமஸிலும் உருவாகும் புரதம். உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்களைக் களைந்தெடுக்கும் இடமே தைமஸ்தான் என்னும்போது, அங்கே டிஸ்ட்ரோபின் இல்லாமல் போனால் அதைத் தாக்கும் டி செல்கள் தப்பிவிடுமா என்று கேட்பது எப்படிக் குழப்பமாகும்? எம்டிஎக்ஸ் எலிகளில் டி செல்களைக் குறைத்தபோது தசைச் சேதமும் குறைந்தது.

என் தம்பிக்கு டூஷென் நோய். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு முகம் உப்பி, கன்னங்கள் கண்களை மறைத்தன. சட்டைப் பொத்தானைப் போட அவன் விரல்கள் தடுமாறும்போது அம்மா பார்க்காதது போலத் திரும்பிக்கொள்வார். அந்த மருந்து அழற்சியை அடக்கத்தான் கொடுக்கப்படுகிறது. அதே ஸ்டீராய்டு தைமஸையும் சுருக்கும். இதை நாங்கள் கேட்டபோதும், படித்துவிட்டு வந்து கேள்வி கேட்காதீர்கள் என்றுதான் பதில் வந்தது.

எலி மனிதன் அல்ல என்பார்கள். உண்மைதான், எம்டிஎக்ஸ் எலிக்கு நோய் மனிதருக்கு வருமளவு கடுமையாக வருவதில்லை. உடல் நலிந்தாலே தைமஸ் சுருங்கும், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கடினம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் 2010-இல் வெளியான மனித ஆய்விலேயே, டிஸ்ட்ரோபினை உருவாக்கும் மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை தொடங்கும் முன்பே இரண்டு சிறுவர்களின் இரத்தத்தில் டிஸ்ட்ரோபினைக் குறிவைக்கும் டி செல்கள் இருந்தன. அது எலி அல்லவே! அந்த மரபணுவால் புதிதாக உருவாகும் புரதத்தை உடல் அந்நியமாகப் பார்க்குமா என்பது இன்று அந்தச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியவேண்டிய செய்தி.

பிள்ளையைத் தூக்கித் தூக்கி முதுகு வலியோடு வந்தவர், ஆய்வுக் கட்டுரையையும் படித்துவிட்டு வந்து கேட்கிறார். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அவரை எதற்காகச் சிரித்து உட்கார வைத்தீர்கள்?