தட்டில் கொஞ்சம் இடம் விடுங்கள்

ஓவனில் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் சுடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "முறுகவே மாட்டேன் என்கிறது, அவித்த மாதிரி சொதசொதவென்று ஆகிவிடுகிறது." நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, ஒரு தட்டில் எவ்வளவு போட்டீர்கள் என்பதுதான். எண்ணெய், மசாலா எல்லாம் அப்புறம்.

கேரட்டில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்டத் தண்ணீர்தான். உருளைக்கிழங்கில் எட்டு பங்கு. சூடேறியதும் அது ஆவியாக வெளியேற வேண்டும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் ஆவிக்குப் போக வழியில்லை, காயையே சுற்றிக்கொண்டு நிற்கும். மேல்தோலில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. நாம் ஆசைப்படும் பொன்னிறமும் வாசனையும் வேகமாக வருவதோ சுமார் 140 டிகிரிக்கு மேல், காயின் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து வினைபுரியும்போது. 1912இல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்த வினை அது. ஓவனை 220இல் வைத்தும் காய் அவிந்துபோவதற்கு இதுதான் காரணம்.

அதனால் நான் இரண்டு தட்டு எடுத்துக்கொள்கிறேன். கழுவிய காயைத் துணியால் நன்றாகத் துடைத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிரட்டி, துண்டுக்குத் துண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பரப்புகிறேன். முதல் இருபது நிமிடம் தொடவே மாட்டேன். பிறகு தட்டையான கரண்டியால் ஒரு கேரட்டை நெம்பிப் பார்ப்பேன். டக்கென்று விட்டு வந்தால் அடிப்பக்கம் சிவந்து, ஓரம் லேசாகக் கருகியிருக்கும். பிடித்துக்கொண்டு வர மறுத்தால் இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுச் சுரண்டினால் அந்தச் சிவந்த பொறுக்கு தட்டோடு போய்விடும். இந்த உணவின் ருசியே அந்தப் பொறுக்குதான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளுவதும் சரியில்லை. பீட்ரூட் மெதுவாக வேகும், அதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே இடம் கொடுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கை முழுதாக, குறைந்த சூட்டில் நிதானமாகச் சுட்டால் தித்திப்பு கூடும். 60 முதல் 75 டிகிரி வாக்கில் அதிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும், சூடு சட்டென்று ஏறிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது. உருளைக்கிழங்கைத் தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி, உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துக் கசந்துவிடும்.

மசாலா பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலேயே மிளகாய்த்தூளும் நசுக்கிய பூண்டும் அள்ளிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சூட்டில் காய் சிவப்பதற்குள் இரண்டும் கருகிவிடும், கடைசியில் கருகல் கசப்புதான் நாக்கில் நிற்கும். பூண்டு வேண்டுமென்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்க்கலாம். இறக்கியதும் கொஞ்சம் மிளகு, ஒரு மூடி எலுமிச்சை. இந்தக் காய்களெல்லாம் இயல்பாகவே இனிப்பு, சுட்டால் இன்னும் இனிப்பு. அதற்கு எதிராக ஒரு துளி புளிப்பு இருந்தால்தான் இரண்டாவது வாய் சாப்பிடத் தோன்றும்.

மிச்சமானதை மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மறுபடி ஈரமாகிவிடும். காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் ஐந்து நிமிடம் பரப்பி வையுங்கள். முதல் நாள் முறுகல் முழுதாகத் திரும்பாது, ஆனால் ஓரங்கள் மறுபடி விறைத்துக்கொள்ளும்.