டிஃபெண்டர் இங்கிலாந்து வண்டியா?

“பிரிட்டனோடு வரி ஒப்பந்தம் ஆகிவிட்டது, இனி லேண்ட் ரோவர் டிஃபெண்டர் விலை பாதியாகும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

2025 ஜூலையில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் கார் இறக்குமதி வரிச் சலுகை, பிரிட்டனில் தயாரான வண்டிகளுக்குத்தான். அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும். பிராண்ட் பிரிட்டிஷ், முதலாளி நம்ம டாடா, சரி. ஆனால் இப்போதைய டிஃபெண்டர் உருவாவது ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில். இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் டிஃபெண்டரின் பழைய மாடல் 2016 ஜனவரியிலேயே நின்றுபோனது. நித்ரா ஆலை 2018இல் திறந்தது, லேண்ட் ரோவரின் இன்னொரு மாடலான டிஸ்கவரியும் அங்கேதான்.

ஸ்லோவாக்கியாவா என்று வியக்க வேண்டாம். சுமார் 54 லட்சம் பேர் வாழும் அந்த நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கார்கள் தயாரிக்கிறது. தலைக்கு இத்தனை என்று பார்த்தால் உலகிலேயே முதலிடம். ஜெர்மன் பிராண்டான போர்ஷேயின் கயென் கார்கூட அதன் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் இருந்துதான் வருகிறது. ஸ்லோவாக்கியா ஐரோப்பிய ஒன்றிய நாடு. அதனால் டிஃபெண்டருக்கு வரி குறையுமா என்றால், பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தை.